பேட்ஜை விற்றீர்கள், பெட்டியில் இருந்த காகிதங்கள் எங்கே?

போர்க்கால நினைவுப் பொருட்களை ஏலம் விடும் நிறுவனத்தின் நிர்வாகிகளுக்கு,

உங்கள் வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எனக்கும் வந்தது. இனிமேல் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ரயில்வே சின்னங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எண்ணில் ஏலத்துக்கு வருமாம். கூடவே வரும் காகிதங்களில் ‘பார்வைக்கு வைக்கத் தகுதியில்லாதவை’ வாங்கிக்கொள்ளப்படமாட்டாவாம். பட்டியலில் நெய்த நிறுவனம், துணியின் நிலை, அளவு இவை போதுமாம். பொருள் யாரிடமிருந்து, எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற வரி எடுக்கப்படுகிறதாம். அரைப்பக்கத்தில் முடித்துவிட்டீர்கள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை, படித்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

இந்த மடலின் ஜெர்மன் வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம், ஏலங்களில் பழம்பொருள் வாங்குகிற தமிழர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். நாணயம், தபால்தலை, பழைய ரயில் விளக்கு என்று ஆரம்பித்து இந்தப் பக்கம் வந்து சேர்கிறவர்களும் உண்டு. ஒரு பொருளை அதன் ஊரிலிருந்தும் ஆதாரத்திலிருந்தும் அறுத்து விற்றால் என்ன ஆகும் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் காட்சிக்கூடத்தில் போய் நின்றார். அவர் அந்தக் கோயிலுக்கு உரியவர்தான் என்று காட்ட உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பத்திரமாக வைத்திருந்த பழைய புகைப்படம். 2014-ல் அவர் திரும்பி வந்தார். அந்தப் படத்தை ‘பார்வைக்கு வைக்கத் தகுதியில்லாதது’ என்று யாராவது கழித்திருந்தால் வந்திருக்க மாட்டார்.

நான் தமிழ்நாட்டில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். இப்போது ஜெர்மனியில் சிக்னல் பராமரிப்பில் வேலை. பல ஆண்டுகளாக உங்கள் ஏலங்களில் வாங்கி வருகிறேன். அந்தச் சீருடையின் மேல் எனக்கு எந்த மயக்கமும் கிடையாது. ஒரு வண்டி ஒரு ஸ்டேஷனைவிட்டு நகர எத்தனை பேருடைய கை வேண்டும் என்று தெரிந்தவன் நான். அந்தக் கைகள் யாருடையவை, அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்விதான் என்னை இந்தச் சேகரிப்புக்குள் இழுத்தது. அதனால்தான் போன இலையுதிர்கால ஏலத்தில் நடந்ததை மறக்க முடியவில்லை.

ஏலத்துக்கு முன் பொருட்களைப் பார்வையிடும் நாளில் உங்கள் மேசையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. ஒரு வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து கிடைத்தது என்று உங்கள் ஊழியர் சொன்னார். உள்ளே கருநீலக் கம்பளிச் சட்டை, தொப்பி. சட்டையின் இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, கருப்புத் துணியில் மஞ்சள் நூலால் நெய்த, ஸ்வஸ்திகாவோடு கூடிய கழுகு. கழுகுக்கு மேலே ‘ஆர்.வி.டி. மின்ஸ்க்’ என்ற எழுத்து. கையால்தான் தைத்திருந்தார்கள். நீல நூல் தீர்ந்துபோய்ப் பாதியில் கறுப்பு நூலுக்கு மாறியிருந்தது. சட்டைக்கு அடியில் ஒரு கோப்பு: புகைப்படம் ஒட்டிய பணி அடையாள அட்டை, சில இடமாற்ற உத்தரவுகள், நூல் கட்டிய கடிதக் கட்டு, அப்புறம் உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று. நோட்டில் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி, வண்டி எண், வந்த நேரம், போன நேரம், பெட்டிகளின் எண்ணிக்கை என்று வரிசையாக எழுதியிருந்தது. ஸ்டேஷன் வேலை பார்த்தவர் எழுதியது என்று பார்த்த உடனேயே தெரிந்தது. நானும் அப்படித்தான் குறித்துவைப்பேன்.

படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஏலத்துக்கு முன் அனுமதியில்லை, வாங்கிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சரி, அது விதி.

ஏலத்தன்று அந்தப் பெட்டி மூன்று எண்களாகப் பிரிந்து வந்தது. பேட்ஜைச் சட்டையிலிருந்து பிரித்து, ‘மிக அரிது, கிழக்குப் பகுதி’ என்று எழுதி வைத்திருந்தீர்கள். தொலைபேசியில் கேட்ட ஒருவர் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். தொப்பி இன்னொருவருக்குப் போனது. வெறும் சட்டையை வேறு யாரும் கேட்கவில்லை, நான் வாங்கினேன். இப்போது என் வீட்டில் இருக்கிறது. இடது கையில் பேட்ஜ் இருந்த இடம் மட்டும் வெளிச்சம் படாமல் அடர்ந்த நீலமாக இருக்கிறது. அதைச் சுற்றிக் கத்தரித்த நூல் துணுக்குகள், ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் கறுப்பு.

காகிதங்கள் எந்த எண்ணிலும் வரவில்லை. உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். அவற்றுக்கு விலை போகாது, கொடுத்த குடும்பமும் திரும்பக் கேட்கவில்லை, கழித்துவிட்டோம் என்றார்கள். கழித்துவிட்டோம் என்றால் எங்கே என்று கேட்டதற்கு, பழைய காகிதங்களோடு போயிருக்கும் என்று பதில் வந்தது. அன்று அது ஒரு ஊழியரின் கவனக்குறைவு என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அதையே விதியாக்கி அச்சடித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

நீங்கள் விற்ற துணியைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், உங்கள் பட்டியல் சொல்லாததால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜெர்மன் மாநில ரயில்வேக்கள் 1920-ல் ஒன்றாகி ரைஷ்ஸ்பான் உருவானது. 1937-ல் அது மறுபடி நேரடியாக அரசின் பிடிக்குள் வந்தது. போர்க்காலத்தில் அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். நம் ஊர் ரயில்வே கோட்டம் மாதிரி அங்கே ‘ஆர்.பி.டி.’ என்ற பிரிவுகள். சட்டைக் கையில் தைத்த கழுகின் மேல் அந்தந்தக் கோட்டத்தின் பெயரை நெய்தார்கள்: ஆர்.பி.டி. கோல்ன், ஆர்.பி.டி. எசன், ஆர்.பி.டி. ப்ரெஸ்லாவ். உள்நாட்டுக் கோட்டங்களின் பேட்ஜ்கள் இன்றும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. போர் நகர நகரப் பெயர்களும் நகர்ந்தன. ஜெர்மனியோடு இணைத்துக்கொண்ட போலந்துப் பகுதிக்குப் போசன், டான்சிக். மிச்சப் போலந்துக்கு, க்ராக்கோவைத் தலைமையிடமாகக் கொண்டு 1939 இறுதியில் ஏற்பட்ட ஓஸ்ட்பான் (கிழக்கு ரயில்வே). மேற்கே பாரிஸ், ப்ரஸ்ஸல்ஸ். சோவியத் மண்ணில் ரீகா, மின்ஸ்க், கீவ். சேகரிப்பவர்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு கேட்பது இந்தக் கடைசி வரிசையைத்தான்.

ஏன் அரிது? இன்றைய பெலாரஸின் தலைநகரான மின்ஸ்க் 1941 ஜூன் இறுதியில் ஜெர்மன் படைகளிடம் விழுந்தது. அங்கிருந்த ரயில்வே தலைமையகத்துக்கு முதலில் ‘எச்.பி.டி. மிட்டே’ என்று பெயர். 1942 முடியும் தறுவாயில்தான் அது ‘ஆர்.வி.டி. மின்ஸ்க்’ (ரைஷ் போக்குவரத்து இயக்ககம்) ஆனது. 1944 ஜூலை 3 அன்று சோவியத் செம்படை நகரை மீட்டது. ஆக, அந்தப் பெயர் உயிரோடு இருந்தது ஏறக்குறைய ஒன்றரை வருடம். அந்த பேட்ஜ் குறைவாகக் கிடைப்பதற்குக் காரணம் நெசவின் நேர்த்தி அல்ல, ஒரு ஆக்கிரமிப்பு அவ்வளவு காலம்தான் நீடித்தது. ‘மிக அரிது’ என்று நீங்கள் எழுதும்போது இதைத்தான் சொல்கிறீர்கள், ஆனால் சொல்லாமல் சொல்கிறீர்கள்.

அந்த மின்ஸ்க்குக்கு என்னென்ன வண்டிகள் போயின? 1941 நவம்பர் 10 அன்று டுசல்டார்ஃபிலிருந்து 992 யூதர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி கிளம்பியது. ஹாம்பர்க்கிலிருந்து அதற்கு இரண்டு நாள் முன்னால் ஒன்று கிளம்பியிருந்தது. டுசல்டார்ஃப் வண்டிக்குக் காவலாகப் போன போலீஸ் அதிகாரி எழுதிய பயண அறிக்கை பிழைத்திருக்கிறது; வழியில் ஏற்பட்ட தாமதங்களைப் பற்றியெல்லாம் அதில் குறை எழுதியிருக்கிறார். 1942 மே மாதத்திலிருந்து வியன்னாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அடுத்தடுத்து வண்டிகள் வந்தன. அவற்றில் வந்தவர்களில் பெரும்பாலோரை நகருக்கு வெளியே மாலி ட்ரோஸ்டெனெட்ஸ் பக்கத்துக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். அதே தடத்தில்தான் போர்முனைக்கு வெடிகுண்டும் உணவும் போயின, காயம்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். 1943 கோடையில் பார்ட்டிசான் என்ற கெரில்லாப் படையினர் பெலாரஸ் முழுக்கத் தண்டவாளங்களைத் தகர்த்ததும் அங்கேதான்.

இனி அந்தச் சட்டைக்காரரைப் பாருங்கள். அவர் 1941-லிருந்தே அங்கே இருந்து, பெயர் மாறியபோது புது பேட்ஜ் தைத்துக்கொண்டவரா? அல்லது 1943-ல் தண்டவாளம் பழுதுபார்க்க அனுப்பப்பட்டவரா? எந்த ஸ்டேஷனில் நின்றார்? அவர் குறித்துவைத்த வண்டி எண்களில் ‘டா’ என்ற குறி இருந்ததா? ஜெர்மனியிலிருந்து யூதர்களை ஏற்றிப்போன சிறப்பு வண்டிகளுக்கு அந்தக் குறிதான் வைத்தார்கள். அவரைக் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை, அப்பாவி என்றும் சொல்லவில்லை. இரண்டில் எதையும் சொல்ல இன்று வழியில்லை. இடமாற்ற உத்தரவில் தேதி இருந்தது, நோட்டில் வண்டி எண் இருந்தது. பேட்ஜில் ஒரு ஊர்ப் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

காகிதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது ஒரு சேகரிப்பாளனின் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். ரைஷ்ஸ்பான் என்ன செய்தது என்று உலகத்துக்குத் தெரிந்ததே காகிதத்தால்தான். ஏறக்குறைய 30 லட்சம் பேரை அந்த ரயில்வே சாவை நோக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. போக்குவரத்து அமைச்சகத்தின் செயலாளராக இருந்த ஆல்பர்ட் கன்சன்மூலர் 1942 ஜூலை 28 அன்று, நாஜி எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரின் அலுவலகத்திலிருந்த கார்ல் வோல்ஃபுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜூலை 22 முதல் வார்சாவிலிருந்து மால்கினியா வழியாக ட்ரெப்ளிங்காவுக்குத் தினமும் 5,000 யூதர்களோடு ஒரு வண்டி போகிறது, அதுபோக ப்ஷெமிசிலிலிருந்து பெல்செட்ஸுக்கு வாரம் இரண்டு முறை போகிறது என்று அதில் தகவல் தெரிவித்தார். ட்ரெப்ளிங்காவும் பெல்செட்ஸும் கொலை முகாம்கள். முப்பது வருடம் கழித்து, 1973-ல், டுசல்டார்ஃப் நீதிமன்றத்தில் அவரை நிறுத்த முடிந்ததற்கு அந்த ஒரு கடிதம் பெரிய காரணம். உடல்நிலையைக் காரணம் காட்டி வழக்கு பாதியில் நின்றது வேறு விஷயம்.

அப்புறம் கட்டணக் கணக்கு. ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 4 பென்னிக் (ஜெர்மன் காசு) என்று மூன்றாம் வகுப்புக் கட்டணம். பத்து வயதுக்குக் கீழே அரைக் கட்டணம், நான்கு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை. திரும்பி வராதவர்களுக்கு ஒருவழிக் கட்டணம், காவலர்களுக்கு மட்டும் திரும்பி வரவும் சேர்த்து. இதெல்லாம் ரயில்வேயின் சொந்தக் கணக்குக் காகிதங்களில் இருந்தது. யாரோ ஒரு குமாஸ்தா மேசையில் உட்கார்ந்து கூட்டிக் கழித்திருக்கிறார்.

ரயில்வேக்காரனாக என்னை உலுக்கியது, ஓஸ்ட்பான் 1942 செப்டம்பரில் வெளியிட்ட 587-ஆம் எண் வண்டி அட்டவணை உத்தரவு. பார்க்க எங்கள் அன்றாட வேலைக் காகிதம் மாதிரியே இருக்கும். வண்டி எண், எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு, எங்கே எஞ்சின் மாற்ற வேண்டும். போகும்போது ஆட்களோடு ட்ரெப்ளிங்காவுக்குப் போகிற வண்டி, அங்கிருந்து திரும்பும்போது காலி வண்டியாக இருக்கிறது. ஒரு சிறப்பு வண்டி ஓட வேண்டுமென்றால் தடம் ஒதுக்க வேண்டும், எஞ்சின் வேண்டும், ஆள் வேண்டும், எதிரே வருகிற வண்டியை எங்காவது நிறுத்திவைக்க வேண்டும், காலிப் பெட்டிகள் அடுத்து எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அந்தக் காகிதத்தின் பிரதி போயாக வேண்டும். நான் வேலை செய்கிற இடத்தில் இன்றைக்கும் அப்படித்தான். அந்த உத்தரவைப் படித்த பிறகு, யாருக்கும் எதுவும் தெரியாது என்ற பேச்சை என்னால் நம்ப முடிந்ததில்லை.

ட்ரெப்ளிங்கா ஸ்டேஷனில் ஃப்ரான்சிஷெக் சாம்பெட்ஸ்கி என்ற போலந்துக்காரர் ரயில் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். போலந்தின் தலைமறைவுப் படையைச் சேர்ந்தவர். வருகிற வண்டிகளைக் கணக்கெடுத்து ரகசியமாகத் தகவல் அனுப்பினார். ஜெர்மானியர்கள் ஊரைக் காலி செய்யும் நேரத்தில், வண்டிச் சீட்டுகள் சிலவற்றை எடுத்து மறைத்துவைத்தார். அகப்பட்டிருந்தால் உயிர் போயிருக்கும். பின்னாளில் அவற்றை வைத்துத்தான் டுசல்டார்ஃப் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அந்த மனிதர் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றியது எந்த வகைக் காகிதமோ, அதே வகைக் காகிதம்தான் உங்கள் மேசைமேல் அந்தப் பெட்டியில் இருந்தது.

பெர்லின் க்ரூனவால்ட் ஸ்டேஷனில், அந்நகர யூதர்களை வண்டியேற்றி அனுப்பிய 17-ஆம் தடம் இருக்கிறது. 1998-ல் ஜெர்மன் ரயில்வேயே அமைத்த நினைவிடம். நடைமேடை ஓரம் நெடுக 186 வார்ப்பு எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, எத்தனை பேர், எங்கே கொண்டுபோனார்கள். முதல் தேதி 1941 அக்டோபர் 18. பெர்லின் போகும்போதெல்லாம் அங்கே போய் நிற்பேன். அந்த எண்கள் இன்று எஃகில் இருப்பதற்குக் காரணம், அவை முதலில் காகிதத்தில் தப்பிப் பிழைத்திருந்தன.

உங்களிடம் நேராக ஒன்று கேட்கிறேன். உங்கள் ஏலத்தில் கலந்துகொள்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குகிறீர்கள். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86, 86அ பிரிவுகள் நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதைத் தடை செய்கின்றன. கல்வி, ஆராய்ச்சி, வரலாற்று ஆவணப்படுத்தல் போன்ற நோக்கங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கின் நிழலில்தான் உங்கள் வியாபாரமே நடக்கிறது. ‘வரலாற்று ஆராய்ச்சிக்காகத்தான் வாங்குகிறேன்’ என்று நான் எழுதிக் கொடுக்கிறேன். அந்தக் கையெழுத்தை நான் விளையாட்டாகப் போடுவதில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு எது உதவுமோ அதைக் கழித்துக்கட்டிவிட்டு, ஸ்வஸ்திகா உள்ள துணியை மட்டும் எனக்கு விற்கிறீர்கள். அப்படியானால் அந்த உறுதிமொழிக்கு உங்கள் பக்கத்தில் என்ன பொருள்? பின்னணி எல்லாம் உரித்தெடுத்த ஒரு கழுகை, அது அரிது என்பதற்காக மட்டும் வாங்குகிறவர் யார், அதை எங்கே மாட்டிவைப்பார் என்று நீங்கள் யோசித்துப் பார்த்தீர்களா?

வரலாறு கிடக்கட்டும், வியாபாரமாகவே பேசினாலும் இந்த விதி தப்பு. கிழக்குக் கோட்ட பேட்ஜ்களில் போலிகள் மலிந்துகிடக்கின்றன என்பது நம் இருவருக்கும் தெரியும். புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் இந்தக்கால நூல் வெள்ளையாகப் பளிச்சிடும். அதனால் பழைய நூலைத் தேடிப்பிடித்து நெய்கிறார்கள். பின்பக்கத்து நெசவு ஒழுங்கைப் பார்த்துப் பிடித்தால், அதையும் கற்றுக்கொண்டு வருகிறார்கள். துணியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அசலா போலியா என்று அடித்துச் சொல்ல அனுபவசாலிகளே தயங்குகிறார்கள். ஒரு மனிதரின் அடையாள அட்டை, இடமாற்ற உத்தரவு, அவர் கையெழுத்தில் கடிதம், தையல் ஓட்டையோடு பொருந்துகிற சட்டை, இத்தனையையும் சேர்த்துப் போலி செய்வது அவ்வளவு லேசல்ல. ஒன்றையொன்று சரிபார்க்க முடியும். நீங்கள் கழித்தது அந்த பேட்ஜின் ஜாதகத்தையும்தான். நாளைக்கு அதை வாங்கியவர் திரும்ப விற்க வரும்போது, அது அந்தச் சட்டையிலிருந்து வந்ததுதான் என்று காட்ட அவரிடம் எதுவும் இருக்காது. நூல் துணுக்கோடு சட்டை என்னிடம் இருக்கிறது, அது அவருக்குத் தெரியாது.

தொலைபேசியில் உங்கள் தரப்பு சொன்ன காரணங்களையும் பார்க்கிறேன். குடும்பங்கள் பெயர் வெளியே வருவதை விரும்புவதில்லை என்றீர்கள். புரிகிறது. தாத்தாவின் பெயர் பட்டியலில் வர எந்தப் பேரனும் ஆசைப்படமாட்டான். அதற்குப் பெயரை மறைக்கலாம், இத்தனை வருடத்துக்குத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஆவணக் காப்பகத்தில் கொடுக்கலாம். கூச்சத்துக்கு மருந்து குப்பைத்தொட்டி அல்ல. பல குடும்பங்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். காகிதத்தை யாரும் வாங்குவதில்லை என்றீர்கள். அந்தப் பெட்டியை முழுதாக ஏலத்தில் வைத்திருந்தால் நான் வாங்கியிருப்பேன், பேட்ஜுக்குக் கிடைத்த விலையைவிடக் குறையாமல் கேட்டிருப்பேன். முழுதாக வைக்காமலே முழுதாக யாரும் கேட்பதில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இடமில்லை என்ற காரணத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அந்தக் கோப்பு ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான் இருந்தது.

பழி முழுக்க உங்கள்மேல் இல்லை என்பதும் உண்மை. எங்களைப் போல் வாங்குகிறவர்கள்தான் இந்தப் பழக்கத்தை வளர்த்தோம். ஆல்பத்தில் எல்லாக் கோட்டத்தையும் வரிசையாக அடுக்கிவிட வேண்டும் என்று துடிக்கிறவருக்குச் சட்டை தொல்லை, கடிதக் கட்டு தொல்லை. ‘துணி மட்டும் போதும்’ என்று உங்களிடம் சொல்கிறவர்கள் இருப்பதால்தான் நீங்கள் கத்தரியை எடுக்கிறீர்கள். சக சேகரிப்பாளர்களே, பிரித்தெடுத்த பேட்ஜ் என்று தெரிந்தால் அது எங்கிருந்து பிரிக்கப்பட்டது, மிச்சம் எங்கே என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் கையைத் தூக்காதீர்கள். அந்த மின்ஸ்க் பேட்ஜை வாங்கியவர் இதைப் படித்தால் ஏல நிறுவனத்தின் மூலம் என்னைத் தொடர்புகொள்ளட்டும். அந்தச் சட்டையை விலை வாங்காமல் கொடுக்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் போதும், அது என் வீடாக இருக்க வேண்டியதில்லை.

நிர்வாகிகளே, நான் கேட்பது இவைதான்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். ஒரே மனிதரிடமிருந்து வந்த சீருடை, சின்னம், காகிதம் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் ஏலத்துக்கு வையுங்கள். கொடுத்தவர் பிரித்துத்தான் விற்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னால், பிரிப்பதற்கு முன் முழுவதையும் படமெடுத்து, ஒவ்வொரு காகிதத்தையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு எண்ணின் கீழும் மற்ற எண்களைக் குறிப்பிடுங்கள். தைத்திருக்கும் பேட்ஜைச் சட்டையிலிருந்து கத்தரிக்கும் வேலையை உங்கள் கூரைக்குக் கீழே யாரும் செய்யக் கூடாது.

விலை போகாத காகிதம் எதுவானாலும், கழிப்பதற்கு முன் கூட்டரசு ஆவணக் காப்பகத்துக்கோ, நியூரம்பர்க் ரயில்வே அருங்காட்சியகத்துக்கோ, அந்த மனிதர் வாழ்ந்த ஊரின் ஆவணக் காப்பகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை வைத்திருங்கள். அனுப்புகிற செலவு பிரச்சினை என்றால், ஏலக் கட்டணத்தில் ஒரு சிறு தொகையைக் கூட்டுங்கள். நான் மறுக்காமல் கட்டுகிறேன்.

எங்கிருந்து வந்தது என்ற வரியைப் பட்டியலில் திரும்பச் சேருங்கள். ஓஸ்ட்பான், ரீகா, மின்ஸ்க், கீவ் என்று பெயர் நெய்த எந்தப் பொருளானாலும், அந்தத் தலைமையகம் எந்த ஆண்டுகளில் இருந்தது, அதன் தடங்களில் யார் எங்கே கொண்டுபோகப்பட்டார்கள் என்று இரண்டு மூன்று வாக்கியமாவது எழுதுங்கள். ‘மிக அரிது’ என்று எழுதினால் ஏன் அரிது என்றும் எழுதுங்கள்.

கடைசியாக, அந்தப் பெட்டி. அதிலிருந்த அடையாள அட்டை, இடமாற்ற உத்தரவுகள், கடிதங்கள், நோட்டு இவை எந்தத் தேதியில், யார் சொல்லி, எங்கே போயின என்று எழுத்தில் தெரிவியுங்கள். ‘போயிருக்கும்’ என்ற பதில் எனக்குப் போதாது. கிடங்கில் ஏதாவது ஒரு மூலையில் இன்னும் இருக்க வாய்ப்பிருந்தால், தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் நீங்கள் சொல்கிற விலைக்கு வாங்கி, சட்டையோடு சேர்த்து ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கிறேன். கொடுத்த குடும்பத்திடம் என் கடிதத்தைச் சேர்ப்பிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் பெயர் எனக்கு வேண்டாம். பரணில் இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் போதும்.

அடுத்த ஏலப் பட்டியல் அச்சுக்குப் போவதற்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். அதுவரை உங்கள் ஏலத்தில் எதையும் கேட்க மாட்டேன்.

உங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர்களில் ஒருவன்